ஸ்காபரோ வில்வம்

விநாயகமூர்த்தி இயற்கையோடு சேர்வதென்று முடிவெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், இரண்டாவது குழல் பிட்டுக்கும் மூன்றாவது குழல் பிட்டுக்கும் இடையில்.

"கோணேஸ்," என்றார். "நாளையில இருந்து நான் இயற்கையோட சேரப்போறன்."

கோணேஸ்வரி கத்தரிக்காய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன், இவ்வளவு நாளும் கோவமோ?"

"பகிடி விடாதையும். மனிசன் எண்டவன் மரத்தைப் பாக்கவேணும். தண்ணி ஓடுற சத்தத்தைக் கேக்கவேணும். கிடைச்ச சீவியத்துக்கு நன்றி சொல்லவேணும். நான் மூண்டு வருசமா பக்ரறியில வாளிக்கு மூடி போட்டுக்கொண்டிருக்கிறன். ஒரு நாளாவது வானத்தைப் பாத்தனானோ?"

"பதினோராம் மாடியில இருக்கிறம். சன்னல் சீலையை விலத்தினா வானம்தானே."

"அது கண்ணாடி வானம். நான் சொல்லுறது கட்டடத்துக்குப் பின்னால ஓடை ஓடுது, காடு கிடக்கு. அங்க போய்த் தனிய நடக்கப்போறன். சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்குப் போனா ஒரு மணிக்கு வந்திடுவன்."

"நன்றி சொல்ல நாலு மணித்தியாலமோ?"

"உம்மைக் கட்டினதுக்கே ஒரு மணித்தியாலம் வேணுமே."

கோணேஸ்வரி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை விநாயகமூர்த்தி கொஞ்சம் கவனித்திருக்கலாம். அவருக்குக் கவனம் பிட்டில்.

"சரி, போயிட்டு வாங்கோ," என்றாள்.

பூட்டிக் கிடக்கிறதென்று நினைத்துத் தோளால் இடித்த கதவு, சும்மா சாத்தியிருந்த கதவானால் இடித்தவன் எப்படி உள்ளே போய் விழுவான்? விநாயகமூர்த்தி அப்படித்தான் விழுந்தார். தயாரித்து வைத்திருந்த இன்னும் ஆறு காரணங்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன.

இது எண்பத்தாறாம் ஆண்டுக் கதை. மூன்று வருடம்தான் ஆகிறது. ஆனால் அந்தக் கட்டடத்தில் அப்போது இருந்தவர்கள் யாராவது சந்தித்தால், முப்பது வருடத்துக்கு முந்தியது போலத்தான் கதைப்பார்கள். தெருவில் கண்டெடுத்த சோபாவும், பால் பெட்டியைக் கவிழ்த்துச் செய்த மேசையும், ஒரு வீட்டில் கறிக்குத் தாளித்தால் மாடி முழுக்கத் தும்மியதும் அந்தக் காலத்தில்தான். கனடாவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் அந்த இரண்டு கட்டடத்துக்கும் சேர்த்து எங்கள் ஆட்கள் பத்துக் குடும்பம் இருக்கும். யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் திறக்கலாம். இப்போது அழைப்பு மணி அடித்துவிட்டுத்தான் நிற்கிறோம்.

விநாயகமூர்த்திக்கு அந்தக் காலத்தில் உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான். முந்நூற்றி நாலு.

அடுத்த கட்டடத்தில், மூன்றாம் மாடியில், ஸ்ரீதரன் என்ற கலியாணமாகாத பொடியன் இருந்தான். அவன் வீட்டில் சனிக்கிழமை தோறும் முந்நூற்றி நாலு என்ற சீட்டுக் கடதாசி ஆட்டம். நாலு பேர், இரண்டு சோடி, ஒரு துரும்பு. விநாயகமூர்த்தியும் ஸ்ரீதரனும் ஒரு சோடி. நீக்கிலாப்பிள்ளை அண்ணையும் தங்கத்துரையும் மற்றச் சோடி. தோற்ற சோடி காதில் கடுக்கன் பூணவேண்டும். ஊரில் அதற்கு ஓலையோ இலையோ கொழுவுவார்கள். ஸ்காபரோவில் ஓலைக்கு எங்கே போவது? உடுப்புக் காயப்போடுகிற மரக் கிளிப்தான். அடுத்த ஆட்டம் வெல்லுமட்டும் அது காதில் இருக்கும். விநாயகமூர்த்தியின் காதில் அது அநேகமாகக் குடியிருந்தது.

தோற்றாலும் அதுதான் சொர்க்கம். கிழமை முழுக்க மூடி போடுகிறவனை மூர்த்தி என்று பேர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் வேறு இடம் ஏது?

திருகோணமலையிலிருந்து கோணேஸ்வரி வந்து சேர்ந்தாள். சொர்க்கத்துக்கு ஒரு கதவு சாத்திக்கொண்டது. பிள்ளை பிறந்தது. மற்றக் கதவும் சாத்திக்கொண்டது. கோணேஸ்வரிக்குப் பயம். லிப்ற் குலுங்கினால் பயம். போன் அடித்தால் பயம். காலையில் நெடுஞ்சாலைக்கு மேலே கார்களை எண்ணிக்கொண்டு ஹெலிகொப்ரர் பறந்தால், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். நெருப்பு மணி அடித்தால் மற்றச் சனம் கோப்பிக் கோப்பையோடு சிரித்துக் கதைத்துப் படி இறங்கும். இவள் மட்டும் பிள்ளை, பாஸ்போட், பிறப்புப் பத்திரம், ஒரு போத்தல் தண்ணி, ஒரு பொட்டலம் சீனி எல்லாம் கட்டிக்கொண்டு இறங்குவாள். கொன்வென்ரில் படித்தவள், இங்கிலீசு விநாயகமூர்த்தியை விட நல்லாய்க் கதைப்பாள். ஆனால் கதைப்பதற்கு வெளியே போகவேண்டுமே.

"கிழமை நாளில வேலை, சரி. சனிக்கிழமையாவது எங்களோட நில்லுங்கோ," என்றாள். "தனிய இருக்கப் பயமாக் கிடக்கு."

அதற்கு மேல் என்ன சொல்வது? பயந்த பெண்சாதியை விட்டுவிட்டுக் கடதாசி விளையாடப் போகிறவன் மனிசனா? விநாயகமூர்த்தி நாலு மாதம் மனிசனாக இருந்து பார்த்தார். முடியவில்லை.

வழி காட்டியது பக்ரறிப் போர்மன்தான். திங்கட்கிழமை தோறும் அந்த வெள்ளைக்காரன் மதியச் சாப்பாட்டு நேரம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்: சனி ஞாயிறு காட்டுக்குப் போனேன், தனிய நடந்தேன், இயற்கைக்கு நன்றி சொன்னேன், புது மனிதனாக வந்தேன். மனைவி பாணுக்குள் இறைச்சி வைத்துக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாளாம். விநாயகமூர்த்தி யோசித்தார். கடதாசிக்குப் போகிறேன் என்றால் முகத்தைத் தூக்குகிற பெண்குலம், காட்டுக்குப் போகிறேன் என்றால் சாப்பாடு கட்டித் தருகிறது. அப்ப காடுதான்.

முதல் சனி ஒன்பது மணிக்குக் கிளம்பினார். கோணேஸ்வரி உண்மையிலேயே பாணுக்குள் முட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தாள். அதை ஸ்ரீதரன் வீட்டில் நாலு பேரும் பங்கிட்டுத் தின்றார்கள். ஒரு மணிக்கு விநாயகமூர்த்தி புது மனிதனாக வந்தார்.

"என்ன கண்டனீங்கள்?"

"மரம்."

"வேற?"

"கனக்க மரம்."

"காது ஏன் சிவந்து கிடக்கு?"

"நுளம்பு. காட்டு நுளம்பு பொல்லாதது."

கோணேஸ்வரி தலையாட்டினாள். பிறகு சொன்னாள், "எனக்கும் பாக்க ஏதாவது கொண்டு வாங்கோவன். நான் வெளியில போகேலாத ஆள். எங்கட சிஸ்ரர் இலை, பூ எல்லாம் புத்தகத்துக்குள்ள வைச்சுக் காயப்போட்டுப் பேர் எழுதுவிப்பா. எனக்கு அது நல்ல விருப்பம்."

அவள் ஒரு அப்பியாசக் கொப்பியும் எடுத்து வைத்துவிட்டாள். விநாயகமூர்த்திக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. இரண்டாம் சனி கார் விடுகிற இடத்து ஓரத்தில் ஒரு மஞ்சள் பூவைப் பிடுங்கிக்கொண்டு போனார். மூன்றாம் சனி மேப்பிள் இலை ஒன்று. கோணேஸ்வரி இரண்டையும் ஒட்டித் திகதி போட்டாள்.

"அதே காதிலதானே திருப்பியும் கடிச்சிருக்கு," என்றாள்.

"பழகின நுளம்பு," என்றார் விநாயகமூர்த்தி.

நாலாம் சனிதான் கெட்ட சனி. ஜூன் மாதக் கடைசி. ஸ்ரீதரனின் கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கும் கம்பி வேலிக்கும் நடுவில் விநாயகமூர்த்தி அவசரமாகக் குனிந்து இலை தேடினார். முதலில் சாட்சியை எடுத்து வைத்தால் பிறகு நிம்மதியாக ஆடலாம் என்பது அவர் கணக்கு. அப்போது கண்டார்.

ஒரு காம்பு. அதில் மூன்று இலை. நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. எண்ணெய் பூசினது போல மினுமினுப்பு.

விநாயகமூர்த்திக்கு மயிர் கூச்செறிந்தது. வில்வம். சிவபெருமானுக்கு அருச்சிக்கிற வில்வம். கனடாவில், டோர்செட் பார்க்கில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். தான் சொன்னது பொய்தான். ஆனால் இயற்கை அதை மெய்யாக எடுத்துக்கொண்டு விட்டதே. கண் கலங்கிப் போனது அவருக்கு. சேட்டுப் பொக்கற் நிறையப் பிடுங்கினார்.

மேலே போய் இலையை மேசையில் வைத்தார்.

"என்னெண்டு தெரியுதோ?"

தங்கத்துரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். மட்டக்களப்பில் கோயிலடியில் பிறந்து வளர்ந்தவன். "மூர்த்தி அண்ணை, இது... இது வில்வமெல்லோ."

"பின்ன என்ன, வல்லாரையோ?"

தங்கத்துரை இரண்டு கையாலும் எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றினான். ஸ்ரீதரன் குளிக்கவில்லை என்று யோசித்துவிட்டு ஒரு கண்ணில் மட்டும் ஒற்றினான். விநாயகமூர்த்தி கண்டுபிடித்தவர் என்ற உரிமையில் நெற்றி, கண், நெஞ்சு எல்லா இடமும் வைத்தார்.

"அண்ணை, நீங்களும் ஒருக்கா," என்று நீக்கிலாப்பிள்ளையிடம் நீட்டினான் தங்கத்துரை.

"நான் வேதக்காரன் தம்பி. எனக்கு உது வேண்டாம். கெதியாக் கடதாசியைப் போடு. மக்டலீன் பன்னிரண்டரைக்குத் தேடுவாள்."

ஆட்டம் நடந்தது. சிவன் கண் திறக்கவில்லை. விநாயகமூர்த்தி - ஸ்ரீதரன் சோடிக்கு மூன்று கடுக்கன்.

வீட்டுக்கு வந்து வில்வத்தை நீட்டியபோது கோணேஸ்வரி கையை நீட்டினாள். பாதியில் நின்றாள். அந்த இலையை ஒரு தரம் பார்த்தாள். இரண்டு அடி பின்னுக்குப் போய், தரையில் தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"இது எங்கால?"

"ஓடைக்குப் பக்கத்தில. காட்டுக்கு நட்ட நடுவில. நான் தனிய நிண்டு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறன், காலடியில வில்வம்."

"ஓடை வாசலால உள்ள போனனீங்களோ?"

"பின்ன? வேலி பாய்ஞ்சோ போறது?"

"சரி. நீங்களே சாமிப் படத்தடியில வையுங்கோ. நான் இண்டைக்குத் தொடேலாது."

"ஓ, அப்பிடியோ." விநாயகமூர்த்தி விலகி நடந்து இலையை வைத்தார்.

"கையைச் சோப்புப் போட்டு வடிவாக் கழுவுங்கோ."

"என்ன கதை இது? வில்வம் தொட்ட கையைச் சோப்புப் போட்டோ கழுவுறது?"

"நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன். கழுவுங்கோ. போட்டிருக்கிற உடுப்பையும் கழட்டித் தனியப் போடுங்கோ."

"கொன்வென்ரில படிச்சா உப்பிடித்தான்," என்றார் விநாயகமூர்த்தி பெருமிதமாக.

கோணேஸ்வரி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னாள், "அப்ப நீங்கள் இண்டைக்கு விரதக்காரர். பிள்ளை சாப்பாட்டுக் கையோட இருக்குது, அதைத் தொடவேண்டாம். சோபாவில தனியப் படுங்கோ. நண்டுக் கறி வைச்சனான், அதுவும் உங்களுக்கு இல்லை. பாலும் வாழைப்பழமும் தாறன்."

இயற்கையோடு சேர்ந்ததால் வந்த மரியாதை என்று நினைத்து விநாயகமூர்த்தி பாலைக் குடித்தார். எதிரில் கோணேஸ்வரி நண்டுக் காலை உடைத்துச் சப்பினாள்.

ஞாயிறு பின்னேரம் விரல் கடித்தது. திங்கள் காலை நெற்றி கடித்தது. பக்ரறியில் மூடி போட வேண்டிய கை சொறியவே போதவில்லை. போர்மன் அவர் முகத்தைப் பார்த்து இரண்டு அடி தள்ளி நின்று, வீட்டுக்குப் போகச் சொன்னான். செவ்வாய் எழும்பியபோது இடது கண் திறக்கவில்லை. வலது கண் திறந்து, கண்ணாடியில் இடது கண்ணைப் பார்த்து, திரும்ப மூடிக்கொண்டது.

போன் அடித்தது. கோணேஸ்வரி எடுத்தாள். கனநேரம் கதைத்தாள். வைத்ததும் திரும்ப அடித்தது. அதையும் எடுத்தாள். போன் அடித்தால் பயப்படுகிறவள் இவ்வளவு கதைக்கிறாளே என்று சோபாவில் கிடந்த விநாயகமூர்த்தி சொறிந்துகொண்டே அதிசயப்பட்டார்.

புதன் பின்னேரம் அவள் ஒரு போத்தலோடும் பஞ்சோடும் வந்து பக்கத்தில் இருந்தாள். ரோஸ் நிற மருந்து. விரல் விரலாகப் பூசினாள். குளிர்ச்சியாக இருந்தது. விநாயகமூர்த்தி உருகிப் போனார்.

"மருந்து எங்கால?"

"மருந்துக் கடையில."

"ஆர் போனது?"

"அதைப் பேந்து சொல்லுறன். இப்ப நான் கேக்கிறதுக்குச் சொல்லுங்கோ. சனிக்கிழமை நீங்கள் தனியத்தானே நடந்தனீங்கள்?"

"ஓம். நானும் இயற்கையும்."

"அப்ப ஸ்ரீதரன்ரை ஒரு கண் ஏன் இட்டலி மாதிரிக் கிடக்கு?"

"அவன் சமைக்கத் தெரியாதவன். மிளகாய்த்தூள் பறந்திருக்கும்."

"தங்கத்துரையருக்கு ரண்டு கண்ணும். அவற்றை மனுசி நாகேஸ்வரி போன் எடுத்தவ. ஓவர்ரைம் செய்யேக்க பெட்டிக்குள்ளால பூச்சி பாய்ஞ்சதாம் எண்டு சொன்னவராம்."

"இருக்கும். உந்தப் பெட்டியளுக்குள்ள என்ன கிடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்."

"மக்டலீன் அக்காவும் எடுத்தவ. நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்குக் கண் சுகம். பத்து விரல் மட்டும்தான்."

"பாத்தீரோ, அப்ப அது வேற வருத்தம்."

"இல்லை." கோணேஸ்வரி மற்றக் கையை எடுத்துப் பூசத் தொடங்கினாள். "அண்ணை வேதக்காரர். வில்வத்தைக் கண்ணில ஒற்றமாட்டார். தொட்டுமிருக்கமாட்டார். அப்ப இலையைத் தொடாத ஆளின்ரை விரலுக்கு என்னண்டு வந்தது? நீங்கள் நாலு பேரும் மாறி மாறித் தொட்ட சாமான் ஏதோ இருந்திருக்கு. ஒண்டில்லை. முப்பத்திரண்டு இருந்திருக்கவேணும்."

முந்நூற்றி நாலுக்கு ஒரு கட்டிலிருந்து முப்பத்திரண்டைத்தான் எடுப்பார்கள். விளையாடத் தெரியாதவர்கள் ஐம்பத்திரண்டு என்றுதான் சொல்வார்கள்.

"காதைக் காட்டுங்கோ. இஞ்ச, மடலில மட்டும் கொப்பளிச்சிருக்கு. ஸ்ரீதரனுக்கும் உப்பிடித்தானாம். மற்ற ரண்டு பேருக்கும் காது சுத்தம். அப்ப நீங்களும் ஸ்ரீதரனும் ஒரு சோடி. நாலு கிழமையா உங்களைக் கடிச்ச நுளம்பு மரத்தால செய்த நுளம்பு."

"கோணேஸ்..."

"ஒரு கிழமையாவது வெண்டனீங்களோ?"

"ரண்டாம் கிழமை ஒருக்கா."

"துரும்பைக் கவிட்டு வைச்சுப்போட்டு முகத்தில நிமித்தி வைச்சிருப்பியள். வேறென்ன."

விநாயகமூர்த்திக்கு இப்போது ரோஷம் வந்தது. தோற்கிறவனுக்கு வருகிற ரோஷம். "அது கிடக்கட்டும். அந்த இலை நஞ்செண்டு உமக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் பேசாமல் இருந்தனீர்."

"கையைக் கழுவச் சொன்னனான். உடுப்பைக் கழட்டச் சொன்னனான். என்ன சொன்னனீங்கள்?"

அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பேச்சை விட்டார்.

"சரி, நஞ்செண்டு உமக்கு என்னண்டு தெரியும்?"

"ஓடைக்குப் போற வாசலில ஒரு பலகை நிக்குது. மூண்டு இலையைப் பெரிசாக் கீறி, தொடவேண்டாம், பொய்சன் ஐவி எண்டு எழுதிக் கிடக்கு. சிவப்பில. நீங்கள் அந்த வாசலால ஒரு நாளாவது போயிருந்தா அதே இலையை வில்வமெண்டு பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு வந்திருப்பியளோ?"

"அந்தப் பலகையை நீர் எப்ப கண்டனீர்?"

கோணேஸ்வரி போத்தலை மூடினாள். பஞ்சை ஒரு கடதாசியில் சுற்றினாள்.

"சித்திரை மாதம் தொடக்கம் ஒவ்வொரு நாளும் காண்கிறன்," என்றாள்.

விநாயகமூர்த்தியின் திறந்த கண் இன்னும் கொஞ்சம் திறந்தது.

அவள் சொன்னாள். ஒரு நாள் பிள்ளை நிறுத்தாமல் அழுதது. கீழ்வீட்டுக்காரன் தும்புத்தடியால் முகட்டில் இடித்தான். இடித்த சத்தத்துக்குப் பயந்து ஸ்ட்ரோலரையும் தள்ளிக்கொண்டு கீழே வந்துவிட்டாள். கீழே வந்த பிறகு மேலே போகவும் பயம். கால் போன வழியில் போனால் அந்த வாசல். உள்ளே ஒரே மரம்.

"உங்களுக்குத் தெரியும்தானே, கடைசியா நான் காட்டுக்குள்ள போனது ஊரில, சனத்தோட ஓடி. மூண்டு நாள். அதில இருந்து எனக்கு மரத்தைக் கண்டா அதுக்குப் பின்னால ஆர் நிக்கினம் எண்டுதான் பாக்க வரும். அந்த வாசலில பத்து நிமிசம் நிண்டிருப்பன். அந்தப் பலகையை இருபது தரம் வாசிச்சன், வேற என்ன செய்ய. பிறகு ஒரு கிழவி நாயோட வந்தா. குட்மோர்ணிங் எண்டா. போயிட்டா. மரத்துக்குப் பின்னால பாத்தன். இன்னொரு மரம்தான் நிண்டுது."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. அவ்வளவுதான். ஒண்டும் நடக்கேல்லை. பிள்ளை தண்ணியைப் பாத்து அழுகையை விட்டிட்டுது. வீட்ட வந்து ரீ போட்டுக் குடிச்சன். அப்பிடி ஒரு ரீ நான் இந்த நாட்டில குடிச்சதில்லை. ஒண்டுமே நடக்காத நாளுக்கு என்ன ருசி எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. நீங்கள் சொன்னியள், நன்றி சொல்லவேணுமெண்டு. நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன். பகிடியில்லை."

தான் வாய்க்கு ருசியாகச் சொன்ன ஒரு பொய்யை, பக்கத்தில் இருக்கிற மனுசி மூன்று மாதமாக மெய்யாகச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். கண்ணில் தண்ணி வந்தது. வீக்கத்தில் வந்ததா, வேறெதிலுமா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"சொன்னா உங்களுக்கு என்ன விளங்கும்? இவளுக்குப் பயம் போயிட்டுது, இனிச் சனிக்கிழமை காட்ஸுக்குப் போகலாம் எண்டு விளங்கும். எனக்குச் சனிக்கிழமை நீங்கள் வேணும். அதால பயத்தைக் கொஞ்சம் மிச்சம் வைச்சிருந்தனான்."

விநாயகமூர்த்தி சோபாவில் நிமிர்ந்து இருந்தார்.

"வாற சனி மூண்டு பேருமாப் போவம்," என்றார் விநாயகமூர்த்தி. "சத்தியமா. காட்ஸை விட்டிட்டன். நீர் எனக்கு ஓடையைக் காட்டும்."

"காட்டுறன்," என்றாள் கோணேஸ்வரி. "காட்ஸை ஒரேயடியா விடவும் தேவையில்லை. அதுக்கும் ஒரு வழி பாத்து வைச்சிருக்கிறன்."

அந்த ஒரு வசனம் விநாயகமூர்த்தியை மூன்று நாள் தூக்கி நிறுத்தியது. இப்படி ஒரு பெண்சாதி யாருக்குக் கிடைக்கும்? தன் பயத்தையும் வென்று, புருஷன் சந்தோஷத்தையும் காப்பாற்றுகிறவள். வியாழன் வீக்கம் வற்றியது. வெள்ளி தோல் உரிந்தது. சனி காலை ஸ்ட்ரோலரைத் தானே தள்ளிக்கொண்டு புறப்பட்டார்.

வாசலில் பலகை நின்றது. மூன்று இலை, சிவப்பு எழுத்து. அவர் அதை நேருக்கு நேர் பார்க்காமல் கடந்தார். பாதை வளைந்து இறங்கி ஒரு புல்வெளிக்குப் போனது. அங்கே ஒரு மரமேசை. மேசையில் மக்டலீன் அக்கா இருந்தா. நாகேஸ்வரி இருந்தாள். நடுவில் ஸ்ரீதரன், ஒரு கண் பாதி திறந்தபடி, புதுக் கடதாசிக் கட்டு ஒன்றைக் கலைத்துக்கொண்டிருந்தான். பழைய கட்டை அவன் கையுறை போட்டுக் குப்பையில் எறிந்துவிட்டானாம்.

புல்லில் நீக்கிலாப்பிள்ளை அண்ணை ஒரு தோளில் பையும் மறு தோளில் பேரப்பிள்ளையுமாக நின்றார். தங்கத்துரை தன் இரண்டு பெடியளையும் இரண்டு கையில் பிடித்திருந்தான். இரண்டு பேரும் விநாயகமூர்த்தியைப் பார்த்த பார்வையில் நட்பு இல்லை.

"வா மூர்த்தி," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "உன்ரை வில்வத்தால வந்த வாழ்வு."

"என்ன நடக்குது அண்ணை?"

"என்ன நடக்குதோ? நாங்கள் நடக்கிறம். அவையள் விளையாடினம். இனி எல்லாச் சனியும் உதுதானாம். உன்ரை மனுசியின்ரை ஏற்பாடு."

"அப்ப ஸ்ரீதரன்?"

"அவனுக்குத் தள்ள வண்டில் இல்லையே. நாலாவது கை வேணுமாம், எடுத்திட்டினம். கட்டாக்காலிக்குத்தான் காலம்."

கோணேஸ்வரி அதற்குள் ஸ்ரீதரனுக்கு எதிரில் போய் இருந்துவிட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். எட்டுக் கடதாசியையும் ஒரு விசிறியாக விரித்த விதத்தைப் பார்த்தபோதுதான், திருகோணமலைக் கொன்வென்ர் போர்டிங்கில் இலை காயப்போடப் பழகினதோடு வேறென்ன பழகியிருக்கிறார்கள் என்று விநாயகமூர்த்திக்கு விளங்கியது.

வேறு வழியில்லை. நடந்தார்.

நடந்தபோது முதலில் கோபம்தான் இருந்தது. பிறகு ஓடை வந்தது. பெரிய ஓடையில்லை. முழங்கால் தண்ணி. கல்லில் பட்டு ஒரு இடத்தில் மட்டும் வெள்ளையாக நுரைத்தது. ஸ்ட்ரோலரை நிறுத்தினார். பிள்ளை கையை நீட்டி அந்த நுரையைத் தரச் சொல்லிக் கேட்டது. கரையில் ஒரு தாரா தன் குஞ்சுகளை வரிசையாகத் தண்ணிக்குள் இறக்கியது. கடைசிக் குஞ்சு இறங்கமாட்டேன் என்று நின்று, பிறகு எல்லாரும் போய்விட்டார்களே என்று தொப்பென்று விழுந்தது. பிள்ளை சிரித்தது. விநாயகமூர்த்தியும் சிரித்தார். பக்ரறியில் சிரிக்கிற சிரிப்பில்லை இது. யாருக்காகவும் இல்லாத சிரிப்பு.

வெயில் இலைகளுக்குள்ளால் வந்து பிள்ளையின் தலையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அவர் அந்தப் பொட்டுகளை எண்ணத் தொடங்கி, அசைந்து கலைந்ததால் திரும்ப முதலிலிருந்து எண்ணினார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. பத்து நிமிடமாகத் துரும்பைப் பற்றி யோசிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. தூரத்தில் மேசைப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் மரங்களுக்குள்ளால் வந்தது. யார் இப்படி வாய்விட்டுச் சிரிக்கிறார்கள் என்று காது கொடுத்தார். கோணேஸ்வரி. கலியாணம் கட்டி இவ்வளவு நாளில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை. அப்படி ஒன்று அவளிடம் இருந்ததே தெரியாது.

இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தார். ஒன்றுமே நடக்கவில்லை. போர்மன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதெல்லாம் பொய்யில்லைப் போல.

இதை அவளிடம் சொல்லவேண்டும். இப்பவே சொல்லவேண்டும். ஸ்ட்ரோலரைத் திருப்பி, கல்லிலும் வேரிலும் இடறி, மூச்சிரைக்க மேசைக்கு வந்தார். மக்டலீன் அக்காவின் காதிலும் நாகேஸ்வரியின் காதிலும் மரக் கிளிப் தொங்கியது. ஸ்ரீதரன் உலகத்தை வென்றவன் போல இருந்தான்.

"கோணேஸ்," என்றார் விநாயகமூர்த்தி. "நீர் சொன்னது உண்மை. ஓடையைப் பாத்தன். தாராக்குஞ்சைப் பாத்தன். நான் நிண்ட நிலையில நன்றி சொன்னன். மெய்யா. என்ரை நெஞ்சு நிறைஞ்சு போச்சு."

கோணேஸ்வரி கையிலிருந்த கடதாசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சந்தோசம் அப்பா," என்றாள். "நல்ல கையொண்டு வந்திருக்கு, இன்னொருக்கா நிறைச்சுக்கொண்டு வாங்கோ."